பலகையில் தொங்கிய உன் டோக்கன்

மகனே,

இந்தக் கடிதத்தில் உன் பெயரை நான் எங்கும் எழுதப்போவதில்லை. பெற்ற பிள்ளையின் பெயரைக்கூட எழுத மாட்டேன் என்கிறாரே இந்த மனுஷன் என்று நினைக்காதே. உன் பெயரை ஊர் உலகமெல்லாம் எழுதி வைத்தவன் நான்தான். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணினாய். நம் ஊர் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஹாலைப் பிடித்திருப்பதாகவும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி வலைப்பதிவு எழுதுகிறவர்களும் பிள்ளைகளுக்கு மென்பொருள் செய்கிறவர்களும் ஒரு நாள் முழுக்க அங்கே கூடிப் பேசப்போவதாகவும் சொன்னாய். "டாடி, நீங்க வந்து பதினஞ்சு நிமிஷம் பேசணும். நம்ம ஊர்ல இந்த வேலைய மொத மொத செஞ்சவரு நீங்கதான?" என்றாய். கூடவே, "இந்த மாதிரி கூட்டம் பிரயோஜனமா இருக்கணும்னா இன்னா பண்ணணும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாய். சரிப்பா என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகு அழுதேன். உன் அம்மா இருந்திருந்தால், "இப்ப அழுது இன்னா பிரயோஜனம், மூஞ்சியக் கழுவிக்கினு வாங்க" என்று சொல்லியிருப்பாள்.

என்னால் மேடையேறிக் காகிதத்தைப் பார்த்துப் பேச முடியாது என்பது உனக்குத் தெரியும். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் பேப்பரை விரித்தேன். ஒரு எழுத்தும் புரியவில்லை. டீ கிளாஸ் தெரிகிறது, எதிரே சர்ச் தெரிகிறது, பேப்பரில் அச்சான படம்கூடத் தெரிகிறது. எழுத்து மட்டும் யாரோ கிறுக்கி வைத்த மாதிரி இருந்தது. "இன்னாபா, இன்னிக்கி பேப்பர் சரியா அச்சாவல போல" என்றேன். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது சார். நீங்க மொதல்ல உக்காருங்க" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு உனக்கு போன் போட்டார். மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதாம். எழுதுகிற இடம் தப்பிவிட்டது, படிக்கிற இடம் போய்விட்டது என்றார் டாக்டர். அப்படியும் உண்டா என்று நீ கேட்டாய், உண்டு என்றார். கை தன் பாட்டுக்கு எழுதும். எழுதிய வரியைத் திரும்பிப் பார்த்தால் அது என்னவென்று எனக்கே தெரியாது. எழுத்து எழுத்து என்று அலைந்தவனுக்கு ஆண்டவன் கொடுத்த பதில் இது. சிரிப்பும் வருகிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது. எனவே திருத்தம் பார்க்காத கடிதம் இது. நீ கேட்டது ஒரு பக்கம். எத்தனை பக்கம் ஆகுமோ தெரியாது.

என் அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். நம் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் அவருக்குப் பாறையில் துளை போடுகிற வேலை. இறங்குவதற்கு முன்னால் ஒவ்வொரு ஆளும் தன் நம்பர் அடித்த பித்தளை டோக்கனை சுரங்கக் குழியான ஷாஃப்டின் வாசலில் இருக்கிற பலகையில் மாட்டிவிட்டுத்தான் ஆளை இறக்குகிற கேஜ் கூண்டில் ஏற வேண்டும். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டும். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். எனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு மத்தியானம் தரை குலுங்கியது. அடுப்பிலிருந்த சட்டி கவிழ்ந்தது. கீழே பாறை வெடித்துச் சரிந்துவிட்டது என்று ஓலம் கிளம்பி, தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்த பெண்கள் எல்லாரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஷாஃப்டுக்கு ஓடினார்கள். நானும் ஓடினேன். எல்லார் கண்ணும் அந்தப் பலகை மேல். கேஜ் ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் சில டோக்கன்கள் குறைந்தன. கடைசிக்கு முந்தின கேஜில் நைனா வந்தார். தலை முழுக்கத் தூசி. பலகையிலிருந்து டோக்கனை எடுத்து என் கையில் வைத்தார். அது சில்லென்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தை என்னால் இன்றைக்கும் விவரிக்க முடியாது. அன்றைக்கு நான் பார்த்தது, என் ஆயுசுக்கும் மறக்காமல் வைத்திருந்தது, பலகையிலிருந்து எடுக்கப்பட்ட அந்த ஒரு டோக்கனைத்தான். எடுக்க ஆள் வராமல் அன்றைக்கு மாட்டியே கிடந்தவற்றை நான் பார்க்கவில்லை. அவற்றில் ஒன்று உன் அம்மாவுடைய அப்பாவின் டோக்கன். அப்போது அவளுக்கு நாலு வயது. அவளும் அந்தக் கூட்டத்தில் யாருடைய இடுப்பிலோ இருந்திருக்கிறாள்.

இத்தனையும் தெரிந்த நான்தான் பிள்ளைகளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அந்த மென்பொருளைச் செய்தேன். சுரங்கம் மூடிய பிறகு ஊரே காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு ஓடியதே, அதில் நானும் ஒருவன். டைப் அடிக்கிற வேலைக்குப் போய், பக்கத்து மேசையைப் பார்த்துப் பார்த்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். நீ ஒன்றாம் வகுப்பு போனாய். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். எதிலும் உனக்கு எழுத்து பிடிபடவில்லை. வாய்ப் பேச்சில் நீ சூரன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மாவிடம் தெலுங்கில் வம்பளப்பாய். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துகள் இடம் மாறிவிடும். படகு என்று இருந்தால் பகடு என்பாய். என் பிள்ளைக்காக நானே ஒன்று செய்கிறேன் பார் என்று கிளம்பினேன். உனக்குப் பிடித்த மாதிரி, நம் ஊர் மாதிரி இருக்க வேண்டும் என்று திரையில் ஒரு சுரங்கத்தையே கட்டினேன். பிள்ளை தன் பெயரைக் கொடுத்ததும் பலகையில் ஒரு டோக்கன் தொங்கும். கேஜ் இறங்கும். கீழே ஒரு சொல் தெரியும். பிள்ளை அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிற பெரியவர் சரி என்றால் பச்சைப் பொத்தானையும் தப்பு என்றால் சிவப்புப் பொத்தானையும் அழுத்த வேண்டும். பச்சைக்கு ஒரு தங்கக் கட்டி. பத்துக் கட்டி சேர்ந்தால் மணி அடித்து கேஜ் மேலே வரும், டோக்கனை எடுத்துக்கொள்ளலாம். மூன்று சிவப்பு விழுந்தால் ஆபத்துச் சங்கு ஊதும். கேஜ் காலியாக மேலே போய்விடும். டோக்கன் சிவந்து போய் மறுநாள் வரைக்கும் பலகையிலேயே தொங்கும், பிள்ளையின் பெயரோடு.

ஓட்டிக் காட்டியபோது உன் அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள். சங்கு ஊதியதும் அவள் முகம் மாறிவிட்டது. "இது இன்னாத்துக்கு?" என்றாள். விளையாட்டு என்றேன். "அந்தப் பலகைய எடுத்துடுங்க. கொழந்தைங்க பேர அதுல மாட்டாதீங்க" என்றாள். "உனக்கு சாப்ட்வேரப் பத்தி இன்னா தெரியும்? இது நம்ம ஊரு பெருமைமா" என்றேன். "சாப்ட்வேர் தெரியாதுங்க. பலகை தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுடைய அப்பாவைப் பற்றி எனக்கு அந்த நேரத்தில் நினைவே வரவில்லை, மகனே. கல்யாணமான புதிதில் அவளே அழுது சொன்ன கதைதான். நினைவு வராமல் போனதற்கு நான் சொல்ல ஒரு சாக்கும் இல்லை. செய்த பொருள் மேல் இருந்த மோகம், வேறென்ன.

அந்த நாளில் எனக்கு இன்னொரு மோகமும் பிடித்திருந்தது. வலைப்பதிவு. ரயிலில் நோட்டில் எழுதி, ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் ஏற்றுவேன். முதலில் நிரல் எழுதுவதைப் பற்றி எழுதினேன். நாலு பேர் படித்தார்கள். ஒரு நாள் நீ படகைப் பகடு என்று படித்ததையும், "பகடு ஏறி மீன் புடிக்கப் போலாம் டாடி" என்று நீ சொன்னதையும் எழுதினேன், உன் பெயரைப் போட்டு. அடேயப்பா, எத்தனை கருத்துகள்! சிங்கப்பூரிலிருந்து ஒருத்தர், துபாயிலிருந்து ஒருத்தர். வயிறு வலிக்கச் சிரித்தோம், குட்டிப் பையனுக்கு முத்தங்கள், அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். அதன் பிறகு உன் தப்புகளுக்காக நான் காத்திருக்க ஆரம்பித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. நீ புத்தகத்தோடு உட்காரும்போது பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்தேன். அப்பா நமக்குச் சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறார் என்று நீ நினைத்தாய்.

இனி நான் போன ஒரு பதிவர் சந்திப்புக்கு வருகிறேன். வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தமிழ் வலைப்பதிவர்கள் கூடினார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். உன் அம்மா உனக்குப் புதுச் சட்டை போட்டு, தலை வாரி, "மேடையில எல்லாம் ஏத்தாதீங்க" என்றாள். ஏற்றமாட்டேன் என்றேன். அன்றைக்கு அந்த மண்டபத்தில் என்ன நடந்தது என்று சொன்னால்தான், கூட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று நீ கேட்டதற்குப் பதில் சொல்ல முடியும். வரவேற்புரை ஒருவர். அந்த வரவேற்புரையை வரவேற்று இன்னொருவர். பிறகு வந்திருந்த ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. பொன்னாடை போர்த்தியவருக்கு இன்னொருவர் பொன்னாடை. ஒவ்வொன்றுக்கும் போட்டோ. எழுத்தில் மட்டுமே பழகியவர்கள் நேரில் பார்த்து, "அட, நீங்கதானா அவரு!" என்று கட்டிக்கொண்டது மட்டும் நிஜமான சந்தோஷம். அதைக் குறை சொல்லமாட்டேன். அதற்காகவே கூட்டம் போடலாம். ஆனால் பேச என்று வந்தவர்களுக்கு ஆளுக்குப் பத்து நிமிஷம்கூட மிஞ்சவில்லை. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தங்களுக்கு எத்தனை வாசகர்கள் என்பதைச் சொல்லவே அந்தப் பத்து நிமிஷத்தையும் செலவழித்தார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

மென்பொருளைத் திரையில் காட்டினேன். சுரங்கத்தைப் பார்த்ததும் கை தட்டல். அந்தக் கை தட்டல் தலைக்கேறிவிட்டது. "நீங்க எல்லாம் படிச்சீங்களே, அந்த ஹீரோவே இங்க வந்திருக்கான்" என்று மைக்கில் சொல்லி உன்னை மேடைக்குக் கூப்பிட்டேன். நீ சிரித்துக்கொண்டேதான் ஓடி வந்தாய். உன் பெயரை அடித்தேன். டோக்கன் தொங்கியது. பட்டியலில் முதல் சொல்லாகப் படகை நானே முந்தின நாள் மாற்றி வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லாதது இது. உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீ படகைப் பகடு என்று படித்தால் கூட்டம் சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். நீ பகடு என்றாய். கூட்டம் சிரித்தது. சிவப்பை அழுத்தினேன். நீ என்னைப் பார்த்தாய், பிறகு திரையைப் பார்த்து மெதுவாக, விரலை நீட்டி, மறுபடியும் பகடு என்றாய். அழுத்தினேன். மூன்றாவது தடவை உன் குரலே எனக்குக் கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. அதற்கும் அழுத்தினேன். சங்கு ஊதியது. காலி கேஜ் மேலே போயிற்று. டோக்கன் சிவந்தது. "பாருங்க, சாரு இன்னும் கீழதான் இருக்காரு" என்று மைக்கில் சொன்னேன். எல்லாரும் அன்பாகத்தான் சிரித்தார்கள். கெட்டவர்கள் ஒருத்தரும் இல்லை அந்த மண்டபத்தில், என்னைத் தவிர.

கடைசி வரிசையில் ஓர் அம்மா கையைத் தூக்கினார். பள்ளி ஆசிரியை என்று பிறகு தெரிந்தது. தொகுத்து வழங்கியவர், "கேள்விகள் சாப்பாட்டுக்கு அப்புறம், பிரியாணி ஆறிடும்" என்றார். கை கழுவுகிற இடத்துக்கே அந்த அம்மா வந்தார். "சார், ஒரு சந்தேகம்" என்றார். அப்போது யாரோ குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். "மெயில் போடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவர் மெயில் போடவில்லை. என் பதிவில் கருத்தாக எழுதினார். 'ஐயா, மூன்று முறை தவறு செய்த குழந்தை கீழேயே இருந்துவிடுகிறதே, அது மேலே வர என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் மகன் மேடையில் நின்ற முகத்தைப் பார்த்தேன்.' இவ்வளவுதான். நான் அதை வெளியிடவில்லை. பாராட்டு வந்தால் உடனே வெளியிடுவேன். இதை நிறுத்தி வைத்தேன். அழிக்கவும் இல்லை. பல தடவை எடுத்துப் படித்தேன், அதனால்தான் படிக்க முடியாத இந்த நாளிலும் வரி மாறாமல் எழுதுகிறேன். அந்த ஒரு கேள்வியை மேடையில் இருந்த என்னிடம் அப்போதே எல்லார் முன்னாலும் கேட்க விட்டிருந்தால், திருவிழாவில் திருடன் மாட்டினது மாதிரி முழித்திருப்பேன். ஆனால் பலகையை எடுத்திருப்பேன். ஆகவே மகனே, உன் கூட்டத்தில் பொன்னாடை வேண்டாம். பேச்சைக் குறை, கேள்வியைக் கூட்டு. சாப்பாடு ஆறினால் ஆறட்டும், சூடு பண்ணிக்கொள்ளலாம்.

ரயிலில் திரும்பும்போது நீ ஜன்னல் ஓரம். என் மடியில் பொன்னாடையும் ஒரு கேடயமும். காட்பாடி தாண்டியும் நீ கம்பியில் தலையைச் சாய்த்தபடியே இருந்தாய். தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். "டாடி" என்றாய். "நான் எப்ப மேல வருவேன்?" என்று கேட்டாய். அப்போதாவது உன்னைத் தூக்கி மடியில் வைத்திருக்கலாம். "தப்பில்லாம படிச்சா வரலாம்" என்றேன். சொல்லிவிட்டு அந்தக் கேள்வியை நோட்டில் எழுதிக்கொண்டேன், அடுத்த பதிவுக்கு நல்ல தலைப்பு என்று. சரி என்று தலையாட்டினாய். அதன் பிறகு என் எதிரில் நீ வாய்விட்டு ஒரு வரியும் படித்ததில்லை. சர்ச்சில் பிள்ளைகள் ஞாயிறு வந்தது. ஆளுக்கு ஒரு வசனம் வாசிக்க வேண்டும். உன் முறை வந்தது, புத்தகத்தைத் திறந்தாய், நிமிர்ந்து நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று தேடினாய், பார்த்தாய், மூடிவிட்டு இறங்கி வந்துவிட்டாய். எனக்குக் கோபம். ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டான் என்று வீட்டுக்கு வந்து கத்தினேன். மானத்தை யார் வாங்கினது என்று உன் அம்மா கேட்டாள். அதற்குப் பிறகு உன் படிப்பை அவளே எடுத்துக்கொண்டாள். நான் ரயிலேறிப் போன பிறகு அடுப்படியில் உன்னை உட்கார வைத்து, அரிசி முறத்தில் எழுத்தை விரலால் எழுத வைத்திருக்கிறாள். தப்பாக எழுதினால் முறத்தை லேசாக ஒரு தட்டுத் தட்டுவாளாம், எல்லாம் அழிந்துவிடும், மறுபடி எழுதலாம். நான் வீட்டில் இருக்கிற ஞாயிறுகளில் அந்த முறம் மேலே பரணில் இருக்கும். எனக்குத் தெரியாமல் என் வீட்டில் நடந்த பள்ளிக்கூடம் அது.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கடைசி வாரம். நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். "ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க" என்றாள். "எட்டாவது படிக்கும்போது ஸ்கூல்ல பசங்க உங்க பிளாக்கத் தேடிப் புடிச்சி படிச்சிட்டாங்க. அவன பகடுன்னுதான் கூப்டாங்க. ரெண்டு வருஷம். டாடிகிட்ட சொல்லாதம்மா, அவருக்கு எழுதறது ரொம்பப் புடிக்கும்னு சொன்னான்." அதைக் கேட்டு நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள்தான் என் கையைத் தடவிக் கொடுத்தாள், சாகிற மனுஷி. அடக்கம் முடிந்த மறுநாள் அந்தப் பதிவுகளை அழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என்னால் முடியவில்லை. கருத்துகளைப் படித்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்துவிட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வருஷம் ஓடிவிட்டது. இப்போது எழுத்தே தெரியாமல் போய்விட்டது, எது எந்தப் பதிவு என்று கண்டுபிடிக்க முடியாது. நீ அழித்துவிடு. கடவுச்சொல் உன் பெயர்தான், பின்னால் நீ பிறந்த வருஷம். அந்த ஆசிரியையின் கருத்தை மட்டும் வெளியிட்டுவிட்டு அழி. ஒரு நாளாவது அது அங்கே இருக்கட்டும்.

நீ கேட்டதற்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. எந்தப் பிள்ளையையும் மேடையில் ஏற்றாதே. பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வருவார்கள் இல்லையா, அவர்களிடம் அந்தப் பிள்ளை பதினாலு வயதில் இதைப் படிக்கும் என்று நினைத்து எழுதுங்கள் என்று சொல். சொன்னால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். தான் செய்த மென்பொருள் எத்தனை பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று என்று பெருமையாகப் பேச ஆயிரம் பேர் கிடைப்பார்கள். அதனால் ஒரு பிள்ளைக்கு என்ன கெடுதல் வந்தது என்று பேச ஒரே ஒரு நாற்காலியைப் போட்டு வை. வெட்கத்தை விட்டு யாராவது வந்து உட்காருவார்கள். நானும் என் சுரங்கத்தை சி.டி.யில் போட்டு நாலைந்து பள்ளிகளுக்குக் கொடுத்தேன். அங்கே எத்தனை பெயர்கள் பலகையில் தொங்கின என்று எனக்குத் தெரியாது. யாரும் திரும்ப வந்து சொல்லவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. அதனால் இந்தத் தடவை மென்பொருளைக் காட்டுகிறவர்களை ஆறு மாதம் கழித்து மறுபடி கூப்பிடு. காட்டினது என்ன ஆயிற்று என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. மீதியெல்லாம் உனக்கே தெரியும்.

உனக்கே தெரியும் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? படிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்காக நீயும் உன் சிநேகிதர்களும் ஒரு மென்பொருள் செய்திருக்கிறீர்களே, அதை என் டேப்லட்டில் போட்டுக் கொடுத்தாய். "டெய்லி அர மணி நேரம் பண்ணுங்க டாடி, வெரலால எழுத்து மேலயே இழுங்க, அது சொல்லும்" என்றாய். இழுக்கிறேன். விரல் போகப் போக அது ஒலியைச் சொல்கிறது, அதை வைத்து நான் எழுத்தைக் கண்டுபிடிக்கிறேன். முந்தாநாள் கதவு என்ற சொல்லுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. இத்தனை வருஷம் சர்வீஸ் போட்ட மனுஷன், மூன்று எழுத்துக்குக் கால் மணி நேரம். எனக்குள் ஒரு சந்தேகம். வேண்டுமென்றே தப்பாக இழுத்துப் பார்த்தேன். சத்தம் எதுவும் வரவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை, பத்துத் தடவை. சிவப்பு இல்லை. மூலையில் பலகை இருக்கிறதா என்று திரை முழுக்கத் தேடினேன். இல்லை. எழுத்து கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தானாக அழிந்து, மறுபடி வந்து நின்றது, உன் அம்மா முறத்தைத் தட்டின மாதிரி. டேப்லட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர், "இன்னா சார், உடம்பு சரியில்லியா?" என்று வந்துவிட்டார். ஒன்றுமில்லை, பாடம் படிக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை.

உன் கூட்டத்துக்கு நான் வருகிறேன், கடைசி வரிசையில் உட்காருகிறேன். என்னைப் பேசச் சொல்லாதே. இந்தக் கடிதம் அங்கே உதவும் என்று தோன்றினால் வைத்துக்கொள், வேண்டாம் என்றால் கிழித்துப் போடு. உன்னைக் கேட்காமல் உன்னைப் பற்றி எதையும் நான் இனி வெளியே விடமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் எனக்கு ஒன்று வேண்டும். இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கே சொல் விட்டுப்போயிற்றோ, எங்கே ஒரே வரியை இரண்டு தடவை எழுதினேனோ. இந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வா. என் எதிரில் உட்கார்ந்து, இதை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு. பதினேழு வருஷம் ஆயிற்று, உன் வாயால் ஒரு வரி படிக்க நான் கேட்டு. மெதுவாகப் படி. நிற்கிற இடத்தில் நில். படகு வருகிற இடத்தில் உனக்கு எப்படி வருகிறதோ அப்படியே படி. என் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

உன் டாடி